எல்.எஸ்.யூ, பென் ஸ்டேட், ஃபுளோரிடா, ஆபர்ன்: எந்தப் பயிற்சியாளர் பதவி மேல்?

2025 இலையுதிர் காலத்தில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் (நம் கால்பந்து அல்ல, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் ஆட்டம்) நான்கு பெரிய தலைமைப் பயிற்சியாளர் பதவிகள் மூன்றே வாரத்தில் காலியாயின. அக்டோபர் 12-ல் பென் ஸ்டேட் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை நீக்கியது. 19-ல் ஃபுளோரிடா பில்லி நேப்பியரையும், 26-ல் எல்.எஸ்.யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) பிரையன் கெல்லியையும், நவம்பர் 2-ல் ஆபர்ன் ஹியூ ஃப்ரீஸையும் வீட்டுக்கு அனுப்பின. நான்குமே தேசியப் பட்டம் வென்ற அணிகள். எந்த மைதானத்திலும் 88,000-க்குக் குறைவான இருக்கைகள் இல்லை. சம்பளமாக ஆண்டுக்குப் பல லட்சம் டாலரை யோசிக்காமல் கொடுக்கக்கூடியவர்கள். வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே நுழைந்து வேலை பார்க்கப்போகிறவருக்கு நான்கும் நான்கு வேறு தொழில்கள்.

இப்படிப்பட்ட ஒப்பீடுகளில் எல்லாரும் முதலில் எண்ணுவது கோப்பைகளை. அது பழைய கணக்கு. நெப்ராஸ்கா ஐந்து தேசியப் பட்டங்களை வைத்திருக்கிறது. 1962-லிருந்து சொந்த மைதானத்தில் ஒரு டிக்கெட் மிஞ்சியதில்லை. ஆனால் மாநிலத்தின் மக்கள்தொகையே சுமார் 20 லட்சம், வீரர்களை வெளியூர்களிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். 2003-ல் 9 வெற்றி 3 தோல்வியில் இருந்த ஃபிராங்க் சோலிச்சையும், 2014-ல் அதே 9-3-ல் இருந்த போ பெலினியையும் நீக்கிவிட்டு அந்த அணி இன்னும் பழைய இடத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. கோப்பை அறை நிறைந்திருப்பது பயிற்சியாளருக்கு உதவியைவிடச் சுமையாகவே முடியலாம்.

நாங்கள் எடை போடுவது மூன்றை: காரில் எட்டும் தூரத்தில் எவ்வளவு திறமை இருக்கிறது, அதற்கு எத்தனை பேர் போட்டி; பயிற்சியாளருக்கு மேலே உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர், அவர்கள் எவ்வளவு நாள் அங்கே இருப்பார்கள்; ரசிகர்கள் கேட்பதற்கும் ஆட்ட அட்டவணை அனுமதிப்பதற்கும் இடையே எவ்வளவு இடைவெளி. அந்த அளவில் எங்கள் வரிசை: எல்.எஸ்.யூ, பென் ஸ்டேட், ஃபுளோரிடா, ஆபர்ன். பென் ஸ்டேட்டை ஃபுளோரிடாவுக்கு மேலே வைப்பதைத் தெற்கத்தியர் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று தெரியும்.

எல்.எஸ்.யூ: வேலி போட்ட தோட்டம்

லூசியானாவில் சுமார் 46 லட்சம் பேர்தான். ஆனால் மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்லுக்கு ஆள் அனுப்புவதில் அது முன்வரிசை மாநிலம். அதைவிடப் பெரிய விஷயம், அந்த மாநிலத்தில் பெரிய கான்ஃபரன்ஸ் (பல்கலைக்கழக அணிகள் சேர்ந்து ஆடும் லீக்) ஒன்றில் ஆடும் பல்கலைக்கழகம் இது ஒன்றே. டெக்சாஸில் அப்படி ஏழு உண்டு. ஃபுளோரிடாவில் நான்கு, அலபாமாவில் இரண்டு. நியூ ஆர்லியன்ஸில் பள்ளி அணிக்கு ஆடும் பையனுக்கு எல்.எஸ்.யூவின் ஊதாவும் தங்கமும் சேர்ந்த சட்டைதான் சின்ன வயதுக் கனவு. அவனை வெளியே இழுக்க வருகிறவர்கள்தான் கூடுதலாக உழைக்க வேண்டும். மேற்கே நாலு மணி நேரம் ஓட்டினால் ஹூஸ்டன் வேறு.

இந்தப் பதவி ஆளை உயர்த்தும் என்பதற்குச் சான்று, கெல்லிக்கு முன் அங்கே நிரந்தரமாக இருந்த மூவரும் பட்டம் வென்றிருப்பது: நிக் சேபன் 2003 பருவத்தில், லெஸ் மைல்ஸ் 2007-ல், எட் ஓர்ஜெரான் 2019-ல். மூன்று பேருக்கும் குணத்திலோ திட்டத்திலோ ஒரு பொருத்தமும் கிடையாது. ஓர்ஜெரான் அதற்கு முன் ஓலே மிஸ்ஸில் வைத்த கணக்கு 10 வெற்றி, 25 தோல்வி. அதே மனிதர் எல்.எஸ்.யூவின் ஊரான பேட்டன் ரூஜில் 15-0.

பொறுமை மட்டும் கடன் கேட்டாலும் கிடைக்காது. பட்டம் வென்ற இரண்டாம் ஆண்டே ஓர்ஜெரானின் விலகல் அறிவிக்கப்பட்டது. மைல்ஸ் 2016-ல் நான்காவது ஆட்டத்தோடு போனார். கெல்லி 34-14 என்ற கணக்கோடு, டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிடம் சொந்த மைதானத்தில் 49-25 தோற்ற மறுநாளே போனார். அதற்குப் பின் நடந்ததுதான் விண்ணப்பிக்கிறவர் கவனிக்க வேண்டியது: மாநில ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி, அடுத்த பயிற்சியாளரை அத்லெடிக் டைரக்டர் (பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவர்) ஸ்காட் வுட்வர்ட் தேர்ந்தெடுக்க மாட்டார் என்று பத்திரிகையாளர் முன்னிலையில் சொன்னார். ஓரிரு நாளில் வுட்வர்ட் வெளியேறினார். அங்கே பயிற்சியாளரின் மேலதிகாரி யார் என்பது தேர்தல் அரசியலோடு கலந்த கேள்வி. உங்களை வேலைக்கு எடுத்தவர் ஆறு மாதம் கழித்தும் அங்கே இருப்பார் என்று நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது.

2026 முதல் எஸ்.இ.சி (எல்.எஸ்.யூ, ஃபுளோரிடா, ஆபர்ன் ஆடும் கான்ஃபரன்ஸ்) அணிகள் தங்களுக்குள் எட்டுக்குப் பதிலாக ஒன்பது ஆட்டங்கள் ஆடும். அதில் மூன்று எதிராளிகள் ஆண்டுதோறும் நிலையானவர்கள், எல்.எஸ்.யூவுக்கு ஓலே மிஸ், டெக்சாஸ் ஏ அண்ட் எம், ஆர்கன்சா. எளிதில்லை. ஆனால் ஆண்டுதோறும் அலபாமாவைச் சந்திக்கும் கட்டாயம் போனது.

பென் ஸ்டேட்: தரை உயரம், கூரை தாழ்வு

பீவர் ஸ்டேடியத்தில் 1,06,000-க்கும் மேற்பட்டோர் உட்காரலாம். அதைப் புதுப்பிக்க 70 கோடி டாலர் செலவிடுகிறார்கள். ஃபிராங்க்ளின் 12 பருவங்களில் 104-45 என்று முடித்தார். 2024 பருவத்தில் பிளேஆஃப் (தேசியப் பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்று) அரையிறுதிவரை போய் நோட்ர டேமிடம் 27-24 என்று தோற்றார். அதே மனிதருக்கு முதல் 10 இடங்களில் இருந்த அணிகளுக்கு எதிராக 4 வெற்றி, 21 தோல்வி. இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதவியின் உருவம் தெரியும்: பத்து வெற்றி எட்டுவது கடினமில்லை, அதற்கு மேல் போவது மிகக் கடினம்.

காரணம் புவியியல். பென்சில்வேனியா, நியூ ஜெர்சி, மேரிலாந்து, வர்ஜீனியா முழுவதும் அந்த அணி முதல் தேர்வாக நிற்கலாம். வலுவான தாக்குவரிசை, தடுப்புவரிசை ஆட்கள் அங்கே கிடைப்பார்கள். ஆனால் மிக வேகமான ரிசீவர்களையும் (பந்தை ஓடிப் பிடிப்பவர்கள்) கார்னர்களையும் (அவர்களைத் தடுப்பவர்கள்) ஜார்ஜியா, ஃபுளோரிடா, டெக்சாஸ் போய்த்தான் பிடிக்க வேண்டும். அந்த வரிசையில் ஒஹையோ ஸ்டேட் ஏற்கெனவே முன்னால் நிற்கிறது. ஸ்டேட் காலேஜ் ஊரோ பிட்ஸ்பர்க்குக்கும் ஃபிலடெல்பியாவுக்கும் நடுவே, எங்கிருந்து வந்தாலும் மூன்று மணி நேரம் என்கிற மாதிரி மலைகளுக்கிடையே இருக்கிறது.

அப்படியிருந்தும் அதை இரண்டாவதாக வைக்கக் காரணம் நிதானம். 1966 முதல் 2025 வரை அறுபது பருவங்களில் அங்கே நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர்கள் மூன்றே பேர்: ஜோ பட்டெர்னோ, பில் ஓ'ப்ரையன், ஃபிராங்க்ளின். ஃபிராங்க்ளினை ஆறே ஆட்டத்தில் நீக்கியது அவசரம்போலத் தோன்றலாம். பருவம் தொடங்கும்போது நாட்டில் இரண்டாம் இடத்தில் மதிப்பிடப்பட்ட அணி அது. ஆரெகனிடம் இரட்டைக் கூடுதல் நேரத்தில் தோற்று, பின் யூ.சி.எல்.ஏவிடமும் நார்த்வெஸ்டர்னிடமும் தோற்றபோது, பன்னிரண்டு ஆண்டாகச் சேர்ந்த அலுப்பு ஒன்றாகக் கொட்டியது. அப்படியும் பன்னிரண்டு ஆண்டு கொடுத்தார்கள் அல்லவா?

பணத்திலும் கஞ்சத்தனமில்லை. 2025-ல் ஒஹையோ ஸ்டேட்டிலிருந்து டிஃபென்ஸ் கோ-ஆர்டினேட்டர் (தடுப்பாட்டத்துக்குப் பொறுப்பான உதவிப் பயிற்சியாளர்) ஜிம் நோல்ஸை ஆண்டுக்கு சுமார் 31 லட்சம் டாலர் கொடுத்துக் கூட்டிவந்தார்கள். பென் ஸ்டேட் ஆடும் கான்ஃபரன்ஸான பிக் டென்னில் 18 அணிகள்; அதில் பென் ஸ்டேட்டுக்கு ஆண்டுதோறும் கட்டாயமாக ஆட வேண்டிய எதிராளி யாருமில்லை. ஆகவே ஒஹையோ ஸ்டேட்டும் மிச்சிகனும் ஒரே பருவத்தில் வராத ஆண்டுகள் அமையும். பிளேஆஃபில் 12 இடம் இருக்கும் காலத்தில் அந்த ஒரு தளர்வு ஒரு பதவியின் ஆயுளைக் கூட்டும்.

ஃபுளோரிடா: எல்லாம் உண்டு, காவல் இல்லை

ஸ்டீவ் ஸ்பரியர் 1996-ல், அர்பன் மேயர் 2006, 2008-ல் பட்டம் வென்ற இடம். மேயர் 2010 பருவத்தோடு போனபின் வில் மஸ்சாம்ப், ஜிம் மெக்கெல்வெய்ன், டேன் மல்லன், நேப்பியர் என நான்கு பேர், நால்வரும் நீக்கப்பட்டார்கள். இவர்களைத் திறமையற்றவர்கள் என்று தள்ளிவிட முடியாது. மஸ்சாம்ப் 2012-ல் 11-2. மெக்கெல்வெய்ன் முதல் இரண்டு ஆண்டும் தன் பிரிவை வென்றார். மல்லன் 2020-ல் எஸ்.இ.சி இறுதியில் அலபாமாவிடம் 52-46 என்று தோற்றார். அடுத்த ஆண்டு நவம்பரில் வேலை போனது. நான்கு விதமான ஆட்கள் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் தரையில் எங்கோ மேடு இருக்கிறது.

மாநிலத்தில் திறமை கொட்டிக் கிடக்கிறது, ஆனால் அதை அள்ள எல்லோருக்கும் வழி திறந்திருக்கிறது. மயாமி, ஃபுளோரிடா ஸ்டேட் ஆகியவை உள்ளூர்ப் போட்டி. ஜார்ஜியா, அலபாமா, ஒஹையோ ஸ்டேட் எல்லாம் ஃபுளோரிடா பள்ளிகளில் வீட்டு மனிதர்கள்போல நடமாடுகின்றன. 2025 பருவத்தின் தேசிய இறுதிக்குப் போன மயாமிதான் இனி அந்த மாநிலத்தில் முதலில் கதவைத் தட்டும். வசதிகளிலும் காலம் தாழ்த்தினார்கள்: ஃபுட்பாலுக்கென்று தனிக் கட்டடம், 8.5 கோடி டாலரில், 2022-ல்தான் திறந்தது. மற்ற எஸ்.இ.சி அணிகளில் பலவும் அதை முன்பே கட்டி முடித்திருந்தன.

மேலிடத்தைப் பார்த்தால், பல்கலைக்கழகத் தலைவர் பென் சாஸ் 2024-ல் விலகினார்; அடுத்துத் தேர்வான சாந்தா ஓனோவை 2025 ஜூனில் மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிர்வாகக் குழு நிராகரித்தது. அட்டவணையோ இரக்கமற்றது. நிலையான மூவர் ஜார்ஜியா, கென்டக்கி, சவுத் கரோலைனா. ஒன்பது எஸ்.இ.சி ஆட்டங்களுக்கு மேல் பருவக் கடைசியில் ஃபுளோரிடா ஸ்டேட். ஆக 12-ல் 10 ஆட்டம் பெரிய அணிகளோடு. அங்கே ஒன்பது வெற்றி நல்ல வேலை. ரசிகர்கள் அதைக் கொண்டாடத் தயாராக இல்லை.

ஆபர்ன்: பணம் தாராளம், முதலாளிகளும் தாராளம்

ஜீன் சிஸிக் 2010-ல் 14-0 என்று பட்டம் வென்றார். 2012-ல் 3-9, நீக்கம். கஸ் மால்சான் எட்டுப் பருவத்தில் ஒரு முறைகூடத் தோல்விக் கணக்கில் முடிக்கவில்லை, நிக் சேபன் அப்போது பயிற்றுவித்த அலபாமாவை மூன்று முறை வீழ்த்தினார், 2.145 கோடி டாலர் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த பிரையன் ஹார்சினுக்கு 21 ஆட்டம்தான் கிடைத்தது. ஹார்சினுக்கும் ஃப்ரீஸுக்கும் கொடுக்க வேண்டிவந்த தொகையையும் சேர்த்தால் மூவரை அனுப்பிய செலவு சுமார் 5 கோடி டாலர். அவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தே கருத்துகளும் வருகின்றன: நன்கொடையாளர்கள் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கவும் விரும்புகிறார்கள், குவாட்டர்பேக்கை (தாக்குதலை நடத்தும் முக்கிய வீரர்) தேர்ந்தெடுக்கவும் விரும்புகிறார்கள்.

ஆண்டுதோறும் அலபாமாவும் ஜார்ஜியாவும் எதிரே. மூன்றாவது நிலையான எதிராளி வாண்டர்பில்ட் என்பதை ஒரு காலத்தில் சலுகை என்று சொல்லியிருப்பார்கள். 2025-ல் அவர்கள் 10-3. ஒரு வேடிக்கை: ஃப்ரீஸ் 2011-ல், மால்சான் 2012-ல், ஹார்சின் 2013-ல், மூவரும் தலா ஓராண்டு ஆர்கன்சா ஸ்டேட் என்ற சிறிய அணிக்குத் தலைமை தாங்கியவர்கள். அங்கிருந்த மூவரையுமே ஆபர்ன் வேறு வேறு காலத்தில் எடுத்து, மூவரையுமே அனுப்பிவிட்டது.

இருக்கிற இடத்திலேயே இருந்தால்?

2023 வரை இண்டியானாவை யாரும் இந்தப் பட்டியலுக்குள் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். வரலாற்றில் மிக அதிகத் தோல்விகளைச் சுமந்த அணிகளில் ஒன்று. அந்த ஆண்டு 3-9. கர்ட் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசனிலிருந்து தன் வீரர்கள் 13 பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். 2024-ல் 11-2. 2025 பருவத்தில் 16-0, இறுதியில் மயாமியை 27-21 என்று வீழ்த்தித் தேசியப் பட்டம்.

இது அதிசயம் மட்டுமல்ல, கணக்கும்தான். பிக் டென் அணி ஒவ்வொன்றுக்கும் கான்ஃபரன்ஸிலிருந்து ஆண்டுக்கு 6 கோடி டாலருக்கு மேல் வருகிறது. அண்மையில் சேர்ந்த ஓரிரு அணிகளைத் தவிர்த்தால், கடைசி இடத்து அணிக்கும் ஒஹையோ ஸ்டேட்டுக்கும் பங்கு ஏறக்குறைய ஒன்றே. 2021-லிருந்து வீரர்கள் ஓராண்டு காத்திருக்காமல் அணி மாறலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற 'ஹவுஸ்' வழக்கின் உடன்பாட்டின்படி பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து 2.05 கோடி டாலர், அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கு. ஃபுட்பால் அணிப் பட்டியலில் 105 பேருக்கு மேல் கூடாது. முன்பு பெரிய அணிகள் மூன்றாம் வரிசையில் பதுக்கி வைத்த நல்ல வீரர்கள் இப்போது ஆடும் இடம் தேடிப் போகிறார்கள். பெரிய பெயருக்கும் நடுத்தரப் பெயருக்கும் இருந்த தூரம் சுருங்கிவிட்டது. எதிர்பார்ப்பின் தூரம் மட்டும் சுருங்கவில்லை. பத்து வெற்றிக்குச் சிலை வைக்கும் ஊரை விட்டு, பத்து வெற்றிக்கு முகம் சுளிக்கும் ஊருக்குப் போகச் சம்பள உயர்வு மட்டும் போதிய காரணமாகாது.

ஒப்பந்தத்தில் எங்கே விரல் வைக்க வேண்டும்

ஆண்டுச் சம்பளத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். முடிவில் கைக்கு எவ்வளவு வரும் என்பதை ஒப்பந்தத்தின் மூன்று விதிகள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, காரணமின்றி நீக்கினால் மீதித் தொகையில் எத்தனை சதவீதம். கெல்லிக்கு 90, அதனால்தான் 10 ஆண்டு 9.5 கோடி டாலர் ஒப்பந்தத்தின் நடுவிலேயே நீக்கியபோது சுமார் 5.4 கோடி பாக்கி நின்றது. இரண்டாவது, புதிய வேலையில் வரும் சம்பளம் கழிக்கப்படுமா என்பது. ஃபிராங்க்ளினுக்கு பென் ஸ்டேட் கிட்டத்தட்ட 5 கோடி தர வேண்டியிருந்தது. கழிவு உண்டு என்பதால், அவர் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்ததும் அது சுமார் 90 லட்சத்தில் முடிந்தது. ஜிம்போ ஃபிஷரின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஒப்பந்தத்தில் கழிவே இல்லை: 2023 நவம்பரில் நீக்கப்பட்டபோது 7.6 கோடிக்கு மேல், அதில் 1.9 கோடி 60 நாளுக்குள், மீதி 2031 வரை தவணையாக. மூன்றாவது, 'தகுந்த காரணம்' என்பதற்கான விளக்கம். மெல் டக்கருக்கு மிச்சிகன் ஸ்டேட்டில் முழு உத்தரவாதத்தோடு 9.5 கோடி ஒப்பந்தம் இருந்தது. 2023-ல் காரணம் காட்டி நீக்கியதும் அந்த உத்தரவாதம் நின்றுபோனது. 'பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்குக் களங்கம்' என்பதுபோன்ற தளர்வான சொற்களை வழக்கறிஞர் நெருக்கிச் செதுக்க வேண்டும்.

இதற்கு அடுத்து உதவிப் பயிற்சியாளர்களின் மொத்தச் சம்பளத் தொகை, வீரர்களுக்கான பங்கில் ஃபுட்பாலுக்கு எவ்வளவு, வீரர்களின் வெளி விளம்பர ஒப்பந்தங்கள் வழியே எவ்வளவு திரட்ட முடியும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்க வேண்டும். நேர்காணலில் வாய்வார்த்தையாகச் சொன்ன தொகை ஜனவரியில் பாதியாகிவிடும். ஜெனரல் மேனேஜர் (அணியில் யாரைச் சேர்ப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதைக் கவனிப்பவர்) யாருக்குக் கீழே என்பதையும் கேட்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் ஆண்ட்ரூ லக் அந்தப் பொறுப்பில் இருக்கிறார். தலைமைப் பயிற்சியாளரே அவருக்குக் கீழேதான்.

நாட்காட்டியும் பதவியின் ஒரு பகுதி. 2025-ல் பள்ளி மாணவர்கள் கல்லூரி அணியில் சேரக் கையெழுத்திடும் நாள் டிசம்பர் 3; போர்ட்டல் (அணி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) திறந்தது அடுத்த ஜனவரி 2 முதல் 16 வரை மட்டும். பென் ஸ்டேட் அக்டோபரிலேயே இடத்தைக் காலி செய்தும் டிசம்பர் 3-க்குள் ஆளைப் பிடிக்கவில்லை. அன்று இரண்டே மாணவர்கள் கையெழுத்திட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஐயோவா ஸ்டேட்டின் மேட் கேம்ப்பெல் அறிவிக்கப்பட்டார். குவாட்டர்பேக் ராக்கோ பெக்ட் உட்பட பழைய அணியிலிருந்து ஒரு கூட்டத்தையே அவர் கூட்டிவந்துதான் அந்தக் குழியை நிரப்ப முடிந்தது. தன்னோடு வரக்கூடிய வீரர்கள் யாருமில்லாத பயிற்சியாளர், டிசம்பரில் காலியான இடத்தை ஏற்கும் முன் முதல் பருவத்தை இழக்கத் தயாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய அணி பிளேஆஃபில் இருந்தால் அதை முடித்துக்கொடுக்க அனுமதி உண்டா என்பதும் இப்போது முன்கூட்டியே பேச வேண்டியது. ஃபுளோரிடா எடுத்த ஜான் சம்ரல் டுலேனின் பிளேஆஃப் ஆட்டத்தை நடத்திவிட்டுத்தான் போனார். எல்.எஸ்.யூ எடுத்த லேன் கிஃபினுக்கு, 11-1 என்று நின்ற ஓலே மிஸ் அந்த அனுமதியைத் தரவில்லை. நவம்பர் 30-ல் அவர் கிளம்பினார். பீட் கோல்டிங் தலைமையில் அந்த அணி டுலேனையும் ஜார்ஜியாவையும் வென்று அரையிறுதிவரை போனது. ஓலே மிஸ்ஸின் பிளேஆஃப் வெற்றிகளுக்காக கிஃபினுக்குப் பழைய ஒப்பந்தத்தில் கிடைத்திருக்கக்கூடிய போனஸை எல்.எஸ்.யூ தருவதாகப் புதிய ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 1.3 கோடி டாலர் வீதம் ஏழு ஆண்டுச் சம்பளத்துக்கு மேலே அது.